இலுப்பை நிழலுக்கு ஒரு கூட்டணி

கீச்சாங்காடு, மேச்சாங்காடு என்று இரண்டு ஊர்கள். எங்கே இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டு யாரும் பஸ் ஏறிவிட வேண்டாம். போய்விட்டு வந்தவர்கள் கொஞ்ச நாளைக்கு ஒரு மாதிரியாகத்தான் பேசுகிறார்கள். கீச்சாங்காடு கிழக்கே, மேச்சாங்காடு மேற்கே. நடுவில் ஒரு பொட்டல். பொட்டலின் நட்டநடுவில் ஒரு இலுப்பை மரம். வீட்டுக்கு வீடு வேம்பும் புங்கனும் இருந்தாலும், ஊரே கூடி உட்காருகிற மாதிரி பெரிய நிழல் அந்த இலுப்பைக்குத்தான்.

சண்டையும் அதற்காகத்தான். காலையில் வெயில் கிழக்கே இருந்து அடிக்கும்போது நிழல் மேச்சாங்காட்டுப் பக்கம் விழும். அவர்கள் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு ஜம்மென்று படுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் அதே நிழல் கீச்சாங்காட்டுப் பக்கம் வந்துவிடும். நீங்களும் நானும் இதைப் பார்த்தால் சூரியன் நகர்கிறது என்று நினைப்போம். அவர்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் திருடிக்கொண்டு போகிறான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே காலையில் கீச்சாங்காட்டார் எல்லையில் வந்து நின்று, "எங்க நிழலைக் குடுங்கடா" என்று வைவார்கள். சாயங்காலம் மேச்சாங்காட்டார் வந்து நின்று அதையே வைவார்கள். கை கலப்பதும் உண்டு. மேகம் போட்ட நாளில் இரண்டு பக்கமும் நிழல் இருக்காது. அன்றைக்கு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "பாவம், இவங்களுக்கும் போச்சு" என்று திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், கீச்சாங்காட்டு ஊர்த்தலைவர் சென்னியப்பன் மகள் வள்ளிநாயகிக்குக் கல்யாணம் கூடி வந்தது. வந்த சம்பந்தமெல்லாம் ஊர்ப் பேரைக் கேட்டதும் செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடியிருந்தது. இப்போது வந்தவர்கள் மட்டும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க குடும்பத்துக்கு வெய்யில் ஆகாதுங்க. பித்தம் தலைக்கேறிரும். நிழல்ல பந்தி போட்டீங்கன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம். வெய்யில்ல போட்டீங்கன்னா மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம்."

பந்தல் போட்டால் போயிற்றே என்று உங்களுக்குத் தோன்றும். கீச்சாங்காட்டாருக்கும் தோன்றி, ஒரு தடவை போட்டும் பார்த்தார்கள். அந்த ஊர் அறிவாளி நாச்சிமுத்து, "ஓலை வேய்ஞ்சா வெளிச்சம் உள்ள வராது, வெளிச்சமே இல்லாம நிழல் எப்படீங்க விழும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கூரையை வேயாமலே விட்டுவிட்டார்கள். அதிலிருந்து பந்தல் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. சாயங்காலப் பந்தி, இலுப்பை நிழல் என்று முடிவாயிற்று.

சென்னியப்பனுக்கு அது ஒரே மகள். தாயில்லாமல் வளர்த்தவர். நல்ல இடத்தில் அவளைக் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் எமன் வந்தால்கூட உட்கார வைத்துக் காப்பித்தண்ணி கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கும்போது வடக்கே கல்லுமேட்டிலிருந்து ஒரு ஆள் வந்தான். அங்கே மருதாசலம் என்பவர் செங்கல் சூளை வைத்திருந்தார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இலுப்பையை வெட்டிக்கிறோமுங்க, சூளைக்கு விறகு வேணும். யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா உச்சிப்பொழுதுக்கு மரத்துக்கிட்ட வந்து சொல்லிரலாமுன்னு சொல்லச் சொன்னாருங்க" என்று சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

ஊர் கூடியது.

"மருதாசலம் நமக்கு எதிரி" என்றார் சென்னியப்பன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"நமக்கு ஏற்கெனவே ஒரு எதிரி இருக்காங்களேங்க" என்றான் ஒருவன். "ரெண்டு எதிரியை வெச்சுப் பராமரிக்க நம்மளால ஆகுமா? காலையில ஒருத்தரை வையறதுக்கே தொண்டை கட்டிக்குது."

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடி யோசித்தான். யோசிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்தால் யோசனை வெளியே போய்விடும் என்பது அவன் கட்சி.

"ரெண்டு பேர்ல ஒருத்தரைச் சிநேகிதம் ஆக்கிட்டா மிச்சம் ஒரே எதிரிதானுங்க" என்றான்.

"யாரை ஆக்கறது?"

"மேச்சாங்காட்டாரைத்தான். பக்கத்து ஊரு. சிநேகிதம் பண்ண எட்டி நடக்கத் தேவையில்லை."

"அப்போ அவங்க நல்லவங்களா?" என்று சென்னியப்பன் கவலையோடு கேட்டார்.

"சேச்சே! அயோக்கியப் பசங்க. அதுல ஒரு மாத்தமும் இல்லீங்க. காரியம் முடியற வரைக்கும் அதை வாய்விட்டுச் சொல்லாம இருக்கோணும், அவ்வளவுதான்."

ஊருக்கே நிம்மதியாக இருந்தது. எங்கே அவர்களை நல்லவர்கள் என்று ஒப்புக்கொள்ளவேண்டி வருமோ என்று பயந்துகொண்டிருந்தார்கள்.

அதே நேரத்தில் மேச்சாங்காட்டிலும் ஊர் கூடியிருந்தது. அவர்களுக்கும் காலை நிழல் போய்விடுமே! அங்கே தலைவர் ராக்கியண்ணன். "கீச்சாங்காட்டான் அயோக்கியன், ஆனா அதைக் கொஞ்ச நாளைக்குச் சொல்ல வேண்டாம்" என்று அங்கேயும் அதே முடிவு. இரண்டு ஊரும் ஒரே மனதாக இருந்தது சரித்திரத்தில் அன்றைக்குத்தான்.

உடன்படிக்கை பேச மாட்டுத் தரகர் வீரணனைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையையும் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடித்துவிடுவார்கள். வெளியே ஒரு சத்தம் வராது. பெரிய காரியம் எதுவானாலும் துண்டுக்கடியில் பேசினால்தான் மரியாதை என்று இரண்டு தலைவர்களும் சொல்லிவிட்டார்கள்.

வீரணன் துண்டைப் போட்டார். சென்னியப்பன் ராக்கியண்ணனின் மூன்று விரலைப் பிடித்தார். ராக்கியண்ணன் தலையை ஆட்டிவிட்டு இவருடைய கட்டை விரலைத் திருகினார். சென்னியப்பன் வேண்டாம் என்று சுண்டு விரலைச் சுரண்டினார். கடைசியில் இருவரும் முழுக்கையைப் பிடித்துக் குலுக்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

"என்ன பேசி முடிச்சீங்க?" என்று ஊரார் சென்னியப்பனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மூணுக்கு முடிஞ்சுது."

"மூணு என்னதுங்க?"

"அதெல்லாம் ராஜாங்க ரகசியம்" என்றார் சென்னியப்பன். உண்மையில் அவருக்கும் தெரியாது. ராக்கியண்ணனுக்கும் தெரியாது. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று இருவரும் கேட்கவே இல்லை.

கிளம்பும்போது வீரணன் இரண்டு தலைவர்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரு புத்தி சொன்னார். "கூட்டாளி மேல வெச்ச கண்ணை மட்டும் எடுக்கப்படாதுங்க. எதிரி எங்கயும் போயிர மாட்டான். கூட்டாளிதான் சமயம் பாத்துக் கவுத்துருவான்." மனுஷர் சந்தையில் பட்ட அனுபவத்தைச் சொன்னார். இவர்கள் அதைக் கேட்டுக்கொண்டதுதான் வினை.

கூட்டணி ஆனபின் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வது என்று ஒரு சிக்கல் வந்தது. அதுவரைக்கும் 'அடேய்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மாமன் மச்சான் என்று கூப்பிடலாம் என்றான் நாச்சிமுத்து. யார் மாமன், யார் மச்சான் என்று விடிய விடியப் பேசி, ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவதாக முடிவெடுத்தார்கள். "மச்சான், உங்களை இன்னும் எங்களுக்குப் பிடிக்கலை" என்று ராக்கியண்ணன் மரியாதையாகச் சொன்னார். "எங்களுக்கும் அப்படித்தானுங்க மச்சான்" என்றார் சென்னியப்பன்.

மரம் வெட்டுகிற நாள் வந்தது. உச்சிப்பொழுது. கிழக்கே கீச்சாங்காட்டார் கம்பும் கையுமாக வரிசையாய் நின்றார்கள். மேற்கே மேச்சாங்காட்டார். நடுவில் மரம். யாரும் மரத்தைப் பார்க்கவில்லை, வடக்குப் பாதையையும் பார்க்கவில்லை. எதிர் வரிசையில் நிற்கிற கூட்டாளியைத்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் வியர்வை இறங்கியது. துடைத்தால் ஒரு கணம் மறைக்குமே என்று துடைக்கவில்லை.

மருதாசலத்தின் ஆட்கள் கோடாலியோடு வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி இந்த ஜனக்கூட்டத்தைப் பார்த்து முதலில் வெலவெலத்துப் போனான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மரத்தை வெட்டப் போறோமுங்க. யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குங்களா?" என்றான்.

"சொல்லிரலாமா நாச்சிமுத்து?" என்று சென்னியப்பன் உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"வேண்டாமுங்க. நாம அவன்கிட்டத் திரும்பிப் பேசற நேரத்துல இவங்க ஏதாச்சும் பண்ணிருவாங்க. அவங்க மொதல்ல சொல்லட்டும்."

எதிர் வரிசையில் ராக்கியண்ணனும் அதே கணக்கில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்போ இல்லைன்னு எடுத்துக்கிறோமுங்க" என்றான் மேஸ்திரி.

கோடாலி விழ ஆரம்பித்தது. சிராய் பறந்து மூக்கில் பட்டது, வாயில் விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. மரம் முறியத் தொடங்கியதும் மேஸ்திரி கும்பிடாத குறையாக, "ஐயா, சித்தெ தள்ளி நில்லுங்க, வடக்க சாயும், கிளை மேல பட்டுரும்" என்றான். இரண்டு வரிசையும் பின்பக்கமாகவே நகர்ந்தது. எதிர் வரிசை எத்தனை அடி போகிறதோ அத்தனை அடிதான், ஒரு சாண் கூடாது, குறையாது. மரம் மடமடவென்று சாய்ந்து தரையில் மோதியது. புழுதி அடங்கியதும் நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லாததால், கூட்டாளிகள் ஒருவரையொருவர் முன்னைவிட நன்றாகப் பார்க்க முடிந்தது.

கிளை கழித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு மேஸ்திரி போன பிறகுதான் ராக்கியண்ணன் கண்ணைத் துடைத்தார். வெய்யிலால் வந்த தண்ணீரோ என்னவோ, துடைக்கத் துடைக்க வந்தது.

"மச்சான்! கடைசி வரைக்கும் துரோகம் பண்ணலையே நீங்க!"

"நீங்களும் பண்ணலையே மச்சான்!" என்று சென்னியப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

உலகத்தில் எந்தக் கூட்டணியும் இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை என்று நாச்சிமுத்து பேசினான். வெல்லம் கொடுத்தார்கள். கொட்டு அடித்தார்கள். கீச்சாங்காட்டார் மேச்சாங்காட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் சென்னியப்பன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு வந்தார். நாளைக்குப் பந்தி எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று பார்த்து வைக்கலாம் என்று எண்ணம். வழக்கமான இடத்தில் கட்டிலைப் போட்டார். வெயில் சுள்ளென்று அடித்தது. கட்டிலை இழுத்து அந்தப் பக்கம் போட்டார். அங்கேயும் வெயில். கட்டிலைக் கவிழ்த்து அடியில் பார்த்தார்.

வள்ளிநாயகி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அப்பா, மரத்தை வெட்டிட்டாங்களாமே!"

"அது தெரியும் கண்ணு, நான் அங்கதானே நின்னேன். நிழலைத்தான் காணோம்."

அவள் கவிழ்ந்து கிடந்த கட்டிலை நிமிர்த்திப் போட்டாள். பிறகு அதில் உட்கார்ந்துவிட்டாள். சென்னியப்பனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "ஐயோ, நாளைக்குச் சம்பந்தி வந்துருவாங்களே! எம் பொண்ணைக் கட்டாமப் போயிருவாங்களே! இனி யாரு வருவா இந்த ஊருக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவர் அழுகிற சத்தம் கேட்டு மேச்சாங்காட்டார்கூடத் திட்டாமல் நின்றார்கள். அது அவர்கள் திட்டுகிற நேரம்.

மறுநாள் காலையில் கூட்டணிப் படை கல்லுமேட்டுக்குப் புறப்பட்டது. முன்னால் இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தார்கள். சூளையில் மருதாசலம் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் கவலை அவருக்கு. பச்சைச் செங்கல் அடுக்கியாயிற்று, இலுப்பை விறகும் அடுக்கியாயிற்று, பற்றவைத்து, விறகைத் திணித்துத் தீ தள்ள ஒரு ஆளும் வேலைக்கு வரவில்லை.

"மரத்தை நீங்களே வெச்சுக்குங்க. எங்க நிழலைக் குடுத்துருங்க. கல்யாண வீடு" என்றார் சென்னியப்பன்.

மருதாசலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். எத்தனை கை, எத்தனை கால்!

"நிழல் மரத்துக்குள்ளாறத்தான் இருக்குது. நான் ஏன் எடுக்கப் போறேன்?" என்றார். "தீ வெச்சா தன்னால வெளிய வந்துரும். ஆளில்லாமத்தான் சும்மா கிடக்குது. நீங்க தீ தள்ளிக் குடுத்தீங்கன்னா வர்ற நிழல் பூராவும் உங்களுக்கே. எனக்கு ஒரு சொட்டு வேண்டாம்."

"பரவாயில்லையே, எதிரியா இருந்தாலும் தாராள மனசு" என்று நாச்சிமுத்து மெச்சிக்கொண்டான்.

இரண்டு ஊரும் சேர்ந்து வேலை செய்தது. அப்படி ஒரு வேலையை மருதாசலம் கூலி கொடுத்துக்கூட வாங்கியதில்லை. பச்சை விறகு ஆனதால் எரியாமல் புகைந்தது. புகை கறுகறுவென்று திரண்டு எழுந்தது. மேல்காற்று அதைக் கிழக்கே சாய்க்க, கீச்சாங்காட்டுப் பக்கம் இருந்த சோளக்காட்டுத் தரிசில் மெல்லிசாய் ஒரு நிழல் விழுந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று சென்னியப்பன் குதித்தார். "மரம் மறுபடியும் நிக்குது பாருங்க, முன்னைவிட ஒசரமா!"

சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் தரிசில் இலை போட்டார்கள். காற்று கொஞ்சம் திரும்பியது, நிழல் நகர்ந்தது. பந்தியே இலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி உட்கார்ந்தது. மறுபடி காற்று திரும்ப, மறுபடி ஓடினார்கள். ரசம் வாங்கியவர்கள் பாடுதான் கஷ்டம். ஆறுமுகம் இருமி இருமிச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

சென்னியப்பன் கையைப் பிசைந்துகொண்டு அருகில் போனார். "ஏனுங்க சம்பந்தி, ஏதாச்சும் குறையா?"

"குறையா? பொண்ணு ஊட்டுக்காரங்கதான் அழுவாங்க. நாங்களே அழுவறோமுங்க. இப்படி மனசைத் தொட்ட கல்யாணம் நான் பாத்ததே இல்லை!"

வள்ளிநாயகி மாப்பிள்ளையோடு வண்டியேறினாள். ஊர் எல்லை தாண்டும்வரை அவள் வண்டியை ஓட்டச் சொல்லி அவசரப்படுத்தியதாகக் கேள்வி. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று நன்றாகத் திரும்பி, புகை மேற்கே போயிற்று. நிழல் மேச்சாங்காட்டுப் பக்கம் ஊர்ந்தது.

"நிழலைத் திருடறாங்கடா!" என்று கத்தினார்.

கூட்டணி அதோடு முடிந்தது. மச்சான் என்ற பேச்சுப் போய்ப் பழையபடி அடேய் வந்தது. அன்றைக்கே சென்னியப்பன் கொல்லைப்புறமாக மருதாசலத்திடம் போய், "அவங்களை எதுத்து நாம ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துக்கலாமுங்க" என்றார். மருதாசலம் சரி என்றார். முன்வாசல் வழியாக வந்த ராக்கியண்ணனுக்கும் சரி என்றார். விறகு மட்டும் அவரவர் அனுப்பவேண்டும், ஆள் அவரவர் வரவேண்டும், வருகிற நிழலை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். துண்டுக்கடியில்தான் பேசினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நான் ஒரு வேலையாகக் கீச்சாங்காட்டு வழியாகப் போனேன். வேகாத வெய்யில். ஊருக்குள் ஒரு வேம்பு இல்லை, ஒரு புங்கன் இல்லை, மொட்டையாகக் கிடந்தது. ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஒரு மரம் நின்றது. அப்பாடா என்று அதன் கீழே போய் ஒதுங்கினேன். பார்த்தால் நாச்சிமுத்து, கையில் கோடாலியோடு, தலையிலிருந்து கால்வரை வேர்த்து ஊற்ற நிற்கிறான்.

"ஐயா, அந்த நிழலை விட்டு வெளிய வாங்க. மரத்தை வெட்டோணும்" என்றான்.

"ஏனப்பா, ஊர்லயே இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் எதுக்கு வெட்டறே?"

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். வெளியூர்க்காரன், இவனுக்கு என்ன தெரியும் என்கிற இரக்கம்.

"வெய்யில் எப்படி அடிக்குது பாத்தீங்களா? நிழலுக்குத்தானுங்க."